சாமையில் கட்டிய கட்டுச்சோறு

மாசி 4, செவ்வாய்

திருப்பூர் வந்து சேர்ந்தேன். இனி பேத்தி சிந்துஜா வீட்டில் என் சமையல்தான். இந்த டைரி அவள் வீட்டுக்காரரின் பனியன் கம்பெனி டைரி. சிந்துஜா என்ன சாப்பிட்டாள், சர்க்கரை பார்க்கும் மெஷினில் எவ்வளவு காட்டியது என்று தினமும் எழுதி வைக்க வேண்டுமாம். அந்த வேலையை நானே வாங்கிக்கொண்டேன். படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனாலும் டீச்சர் வேலை பார்க்கும் என் மகள், சிந்துஜாவின் அம்மா பரிமளாவைவிட என் கையெழுத்து நன்றாக இருக்கும். அவளுடைய ஹெட்மாஸ்டர் பார்த்திருந்தால் அவரே சொல்லுவார்.

சிந்துஜாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. டெஸ்ட்டில் சர்க்கரை என்று வந்துவிட்டது. பிரசவத்துக்கு அப்புறம் அநேகமாகப் போய்விடுமாம். அதுவரை அடக்கி வைக்காவிட்டால் வயிற்றில் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துவிடுமாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 120க்குள் இருக்க வேண்டும். இவளுக்கு 160க்கு மேலே நிற்கிறது. மாசி 25ஆம் தேதி வரை சாப்பாட்டிலேயே குறைத்துப் பார்ப்போம், குறையாவிட்டால் இன்சுலின் ஊசி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதுவும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசி. விரலில் குத்திப் பார்ப்பதற்கே பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு என் சேலையைப் பிடித்துக்கொள்கிறது.

ஆஸ்பத்திரியில் நர்சு கேட்டது, "குடும்பத்துல ஆருக்காச்சும் சுகர் இருக்குதுங்களா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது. எழுதிக்க அம்மிணி" என்றேன்.

என் அம்மாவுக்குக் கால் கட்டைவிரலில் வந்த புண் கடைசி வரைக்கும் ஆறவில்லை. அது முள் குத்தியது. என் தம்பிக்குக் கண் மங்கியது டிவியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால்.

திருப்பூரில் வெயில் தாங்கவில்லை. வந்ததில் இருந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறேன்.

மாசி 5, புதன்

சாப்பாட்டு டாக்டர் என்று ஒரு சின்னப் பெண். அரிசியைக் குறைத்து சாமை, குதிரைவாலி, தினை கொடுங்கள் என்றது. பாலிஷ் போடாததாகப் பார்த்து வாங்க வேண்டுமாம். ஒரு வேளைக்கு ஒரு கப். கப்பைக் காட்டியது. காக்காய்க்கு வைக்கிற அளவு.

எங்கள் அப்பா என்னைக் கட்டிக்கொடுக்கும்போது தீர விசாரித்தது ஒன்றைத்தான், மாப்பிள்ளை வீட்டில் இரண்டு வேளையும் நெல்லுச்சோறு உண்டா என்று. உண்டு என்றார்கள், கொடுத்தார். ஏழைச் சோறு என்று அன்றைக்கு விட்ட சாமையை இன்றைக்கு நான் காசு கொடுத்து, அதுவும் ஏசி போட்ட கடையில், பொன்னி அரிசியைவிட அதிக விலைக்கு வாங்கினேன். கூடையில் மேலே தெரியாதபடி வெங்காயத்தைப் போட்டு மறைத்துக்கொண்டு வந்தேன்.

கீழ் வீட்டில் இருக்கும் சிந்துஜாவின் மாமியார் கோகிலாமணி வாசலிலேயே நின்றிருந்தாள். "சாமைங்களா அம்மா? நல்லதுங்க. நானும் எட்டு வருசமா அதுதானுங்க." எட்டு வருசமாகச் சர்க்கரை இருப்பதை ஏதோ கவர்மெண்ட் வேலையில் இருப்பதுபோலச் சொல்லிக்கொள்கிறாள்.

மாசி 7, வெள்ளி

குதிரைவாலிச் சோறு. அரிசிக்கு வைப்பதுபோல் தாராளமாகத் தண்ணீர் வைத்தேன். குழைந்து கஞ்சியாகிவிட்டது. கஞ்சி உடம்புக்கு நல்லதுதானே. அந்தக் கப்பை அலமாரியில் வைத்துவிட்டுக் கரண்டியால் போட்டேன், மூன்று கரண்டி. இரண்டு உயிர் சாப்பிடுகிறது.

மெஷின் 171 காட்டியது. மெஷின் புதிது. பழக வேண்டும்.

மாசி 8, சனி

174.

மாசி 10, திங்கள்

பிள்ளை முகம் வாடி இருக்கிறதே என்று சாயங்காலம் தினை மாவில் பணியாரம் சுட்டேன். ஒன்று வாயில் போட்டவள் நிறுத்தினாள்.

"அம்மிச்சி, இது இனிக்குது."

"கருப்பட்டி கண்ணு. அது கருப்பா இருக்குது பாரு. சர்க்கரைன்னா வெள்ளையா இருக்கும்."

"ஏன் அம்மிச்சி, கலரைப் பாத்தா உள்ள விடுது?"

"தினையில போட்டா ஒண்ணும் பண்ணாது. சாப்பிடு சாமி."

ஆறு சாப்பிட்டாள். 198 காட்டியது. சிந்துஜா பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அழும்போது அவள் அம்மாவும் இப்படித்தான், தண்ணீரைத் திறந்துவிடுவாள்.

என் கைச் சமையலில் ஏறாது. அப்படியானால் வேறு யாரோ இந்தப் பிள்ளைக்கு எதையோ கொடுக்கிறார்கள். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். கீழ் வீட்டில்தான் ஆள் இருக்கிறது.

மாசி 11, செவ்வாய்

கோகிலாமணியைக் கேட்டேவிட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "ஏனுங் சம்பந்தி, நானில்லாத நேரத்துல புள்ளைக்கு லட்டு கிட்டு குடுக்கறீங்களா?"

"நானுங்களா? எங்கூட்டுல லட்டு வந்தே வருசமாச்சுங்க. அந்தப் பணியாரத்துல என்ன போட்டீங்க அம்மா?"

"கருப்பட்டி."

"எத்தனைங்க?"

"கண்ணளவுதான்."

அவள் சிந்துஜாவைப் பார்த்தாள், சிந்துஜா அவளைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியானால் மெஷினில்தான் கோளாறு என்றேன். "எங்க வம்சத்துலயே இல்லாத சர்க்கரையைக் காட்டுதுன்னா அது என்ன மெஷின். எம் விரலைக் குத்து கண்ணு. நூறுக்கு மேல காட்டட்டும், பாக்கலாம்."

சிந்துஜா குத்தினாள். 289.

பார்த்தீர்களா, நான் சொன்னது சரியாகிவிட்டது. மெஷின் சுத்தமாகக் கெட்டுப்போயிருக்கிறது. அதைச் சொன்னேன். கோகிலாமணி உடனே தன் விரலை நீட்டினாள். 138 காட்டியது. "எனக்குத் தினமும் இந்நேரத்துக்கு இதேதானுங்க" என்றாள். ஒரு ஆளுக்குச் சரியாகக் காட்டிவிட்டால் அது நல்ல மெஷின் ஆகிவிடுமா.

சிந்துஜா என் விரலில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது.

மாசி 12, புதன்

பேத்தி ஒரு பிடிவாதம் பிடிக்கிறது. "அம்மிச்சி, தனியா உக்காந்து சாமை தின்னா எனக்கு இறங்க மாட்டேங்குது. நான் என்ன சாப்பிடறனோ அதையே நீயும் சாப்பிடு. அதே கப்பு. இல்லைன்னா எனக்கும் வேண்டாம்."

"எனக்கெதுக்குடா அது. நான் நெல்லுச்சோறு தின்னு வளந்த உடம்பு."

"அப்ப எனக்கும் நெல்லுச்சோறே போடு."

பிள்ளைத்தாச்சியிடம் வாதாட முடியுமா. அவளுக்காக ஒத்துக்கொண்டேன். அவளுக்காக மட்டும்.

மாசி 13, வியாழன்

கோகிலாமணி அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. தண்ணி எச்சாப் போச்சுங்க. கொழைஞ்சா சீக்கிரம் ஏறிக்கும்னு எங்க டாக்டர் சொல்வாருங்க. சாமை ஒண்ணுன்னா தண்ணி ரெண்டு. முன்னாடியே ஊற வெச்சுருங்க."

நான் அடுப்பு பார்க்க ஆரம்பித்தபோது இவள் பிறக்கவே இல்லை. காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

மாசி 14, வெள்ளி

இன்று நானாகவே ஒன்றைக் கண்டுபிடித்தேன். சாமையை முன்னாடியே ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்தால் பொலபொலவென்று வருகிறது.

மாசி 15, சனி

அரிசியும் பருப்பும் சாதம் செய்கிற கையால் சாமையும் பருப்பும் செய்தேன். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளித்து, சாமையைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி. பக்கத்தில் அவரைக்காய்ப் பொரியல் ஒரு குவியல், கொள்ளு கடைசல். முதலில் காய், அப்புறம்தான் சோறு என்று சாப்பாட்டு டாக்டர் சொல்லியிருந்தது. கப்பை அலமாரியில் இருந்து எடுத்தேன். எனக்கும் அதே கப். முறைப்படி எனக்கு நெய்யாவது கூட விட்டிருக்க வேண்டும். பேத்தி விடவில்லை.

சாப்பிட்டதும் மொட்டைமாடியில் நடந்தோம். கோகிலாமணியும் வந்து சேர்ந்துகொண்டாள். யாரும் கூப்பிடவில்லை.

119.

சிந்துஜா மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெஷின் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. நான் கேட்காமலேயே கோகிலாமணி, "உங்க கைப்பக்குவமுங்க அம்மா" என்றாள். நல்லது எது என்று தெரிகிற பொம்பளைதான்.

மாசி 17, திங்கள்

காலை: கம்பு, உளுந்து அரைத்த தோசை இரண்டு, தக்காளிச் சட்னி, ஒரு முட்டை. 117.
மதியம்: குதிரைவாலி, கீரைக் கூட்டு, பீர்க்கங்காய். 115.
இரவு: சோள ரவை உப்புமா, பாதிக்குப் பாதி காய் போட்டு. 121. அந்த ஒன்றுக்கு நான் பொறுப்பில்லை. உப்புமா என்றாலே யாருக்கும் உள்ளே இறங்காது, சர்க்கரைதான் ஏறும்.

திருப்பூர்த் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொண்டது. அந்தத் தாகம் இல்லை. ராத்திரி நாலைந்து தடவை பாத்ரூமுக்கு எழுந்து போவதும் நின்றுவிட்டது. பேத்தி இடையிடையே என் விரலையும் குத்திப் பார்க்கிறாள், மெஷின் சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தானாம். 230 என்றது, அப்புறம் 204. என் விஷயத்தில் மட்டும் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

மாசி 18, செவ்வாய்

கட்டுச்சோறு விருந்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை. பொறந்த வீட்டில் இருந்து நாங்கள் வகைவகையாகச் சோறு கட்டிக் கொண்டுவந்து, சம்பந்தி வீட்டு ஒரம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் போட்டுவிட்டு, பிரசவத்துக்குப் பிள்ளையைக் கோபிக்குக் கூட்டிப் போக வேண்டும். எங்கள் வீட்டுக் கட்டுச்சோறு என்றால் அதற்கு ஒரு பேர் இருக்கிறது. பரிமளாவுக்குக் கட்டியதை இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பேசாதவர்களுக்கு நான் ஞாபகப்படுத்துவேன்.

ஆனால் கோகிலாமணி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "எங்க பக்கத்துல வர்ற பொம்பளைங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் புள்ளைக்கு ஊட்டுவாங்க அம்மா. வேண்டாம்னு சொன்னா சாபம் குடுக்காத குறைதானுங்க. அத்தனை வாய் நெல்லுச்சோறு உள்ள போனா?"

ஞாயிற்றுக்கிழமை விருந்து, செவ்வாய்க்கிழமை டாக்டர். பிள்ளை அரும்பாடுபட்டு இறக்கியதெல்லாம் ஒரே நாளில் ஏறி, ஊசியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

"புள்ளைக்கு மட்டும் தனியா ஒரு டப்பாவுல சாமை வெச்சுக்கலாமா?" என்றாள் பரிமளா போனில்.

"ஏன் அவளுக்கு மட்டும் தனின்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே?"

சர்க்கரை என்று சொல்ல முடியாது. இந்த வயசிலேயே மருமகளுக்குச் சர்க்கரையாம், பொறந்த வீட்டுக் கோளாறாம் என்று திருப்பூரில் இருந்து தாராபுரம் வரைக்கும் பேசி முடித்துவிடுவார்கள். பிள்ளை காதுபட யாராவது அப்படிச் சொல்வதை நான் கேட்க வேண்டுமா.

யோசித்துச் சொன்னேன், "எல்லாச் சோறும் சாமையிலயே கட்டிருவோம். ஆருகிட்டயும் வாயத் திறக்க வேண்டாம்."

கோகிலாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிக்காமல், "அம்மா, சம்பந்தி விருந்துல சாமை போட்டாங்கன்னு தெரிஞ்சா உங்களைத்தானுங்க பேசுவாங்க" என்றாள்.

தெரியும். அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு எழுதுகிறேன். தூக்கம் வரவில்லை.

மாசி 22, சனி

கோபி. சமையல்கார நாச்சிமுத்து சாமை மூட்டையைப் பார்த்துவிட்டு, "அம்மா, கோழிப்பண்ணை ஏதாச்சும் ஆரம்பிக்கறீங்களா?" என்றான்.

"நாளைக்குக் கட்டுச்சோறு இதுலதான்."

"நூத்தம்பது பேருக்குங்களா? எம் பேரு கெட்டுப் போயிருமுங்க."

"உன்ற பேரை எங்காவது ஒரு இலையில எழுதியா வெக்கப் போறோம். ஊற வை."

புளிச்சோறு, எலுமிச்சை, தக்காளி, தேங்காய், தயிர். புளியும் தக்காளியும் நிறத்தில் மறைத்துவிடும். தயிர்ச்சோறு ஒன்றுதான் பயம். மாதுளையும் கேரட்டும் போட்டு மூடிவிடலாம். இனிப்புக்குச் சர்க்கரைப் பொங்கல் இல்லாமல் முடியாது, அது மட்டும் அரிசியில். அதைப் பிள்ளை வாயருகே வராமல் தடுப்பது கோகிலாமணி பொறுப்பு. இனிப்பென்றாலே மருமகளுக்குக் குமட்டுகிறது என்று இப்போதே கீழ் மேல் வீடெல்லாம் சொல்லி வைத்துவிட்டாளாம். பொய்யை இவ்வளவு சுத்தமாகச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. மருமகளுக்கு வாய்த்த மாமியார்தான்.

மாசி 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பந்தி உட்கார்ந்தது. புளிச்சோறு போனது, எலுமிச்சை போனது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சிந்துஜாவைப் பச்சைப் பட்டில் நாற்காலியில் உட்கார வைத்து, பொம்பளைகள் வரிசையாக வந்து ஊட்டினார்கள். கையில் வந்த இனிப்பை எல்லாம் கோகிலாமணி "அய்யோ அவளுக்குக் குமட்டும், எனக்குக் குடுங்க" என்று வாங்கி இலையில் ஒதுக்கினாள். பாதியை நாச்சிமுத்துவின் பிள்ளைகள் தின்றுவிட்டன.

அப்போதுதான் பெருந்துறைக்காரி தயிர்ச்சோறைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோகிலாமணியின் நாத்தனார், கல்யாணத்திலேயே பந்தியில் அப்பளம் நமுத்திருக்கிறது என்று சொன்னவள்.

"என்னங்க இது, குருணையாட்ட இருக்குது. சம்பந்தி வீட்டுக்குக் குருணையிலயா கட்டிட்டு வந்தாங்க?"

குருணை என்றால் நொறுங்கிய அரிசி. எங்கள் வீட்டில் அதை மாட்டுக்குத்தான் காய்ச்சுவோம். பந்தியே கையை நிறுத்திவிட்டது. பரிமளா தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். நாச்சிமுத்து வேனைப் பார்க்கப் போனான்.

"குருணை இல்லீங்க" என்றேன். "சாமை."

"சாமையா? விருந்துக்கா? எதுக்குங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாற்காலியில் சிந்துஜா எழப் பார்த்தாள். வாயைத் திறந்து தன் விஷயத்தைச் சொல்லிவிடப் போகிறாள் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"எனக்குச் சர்க்கரைங்க. முன்னூறைத் தொட்டு நிக்குது. நெல்லுச்சோறு ஆகாது. பேத்தி விருந்துல நான் சாப்பிடாம இருந்தா அவ மனசு கேக்குமா. அதுதான் எல்லாத்தையும் சாமையிலயே கட்டச் சொல்லிட்டேன். தப்பா இருந்தா என்னையப் பேசுங்க."

பச்சைப் பொய். எங்கள் வம்சத்தில் நான் ஒருத்திதான் இப்படி நூற்றைம்பது பேர் முன்னால் பொய் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லும்போது நாக்கு குழறவே இல்லை, அது எப்படி என்றுதான் தெரியவில்லை.

பெருந்துறைக்காரி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு, "எனக்கும் இருக்குதுங்க, மூணு வருசமா" என்றாள். "ஊட்டுல சொல்லலை. அந்தத் தயிர்ச்சோறு இன்னுங் கொஞ்சம் போடச் சொல்லுங்க."

"இருந்தாலும் அளவாத்தான் சாப்பிடோணுமுங்க" என்றேன். எனக்கு அந்தக் கப்பின் கணக்கு மனப்பாடம்.

அதற்கப்புறம் அந்த வரிசையில் ஆளாளுக்கு எழுந்து வந்து, சாமைக்கு எவ்வளவு தண்ணீர் என்று என் காதில் கேட்டார்கள். எல்லாருக்கும் சொன்னேன். நானே கண்டுபிடித்ததல்லவா.

பிள்ளைக்குச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 118. கோபிக்கு வரும் வழியெல்லாம் காரில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாசி 24, திங்கள்

காலையிலேயே பெருந்துறைக்காரி போன். "அம்மா, நீங்க என்ன மாத்திரை போடறீங்க?"

"வெள்ளை."

"எல்லா மாத்திரையும் வெள்ளைதானுங்க. பேரு? எத்தனை பவரு? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். பால் மறுபடியும் பொங்கியது. பொய் சொல்வது சுலபம். அதைப் பராமரிப்பதுதான் பெரும்பாடு.

மாசி 25, செவ்வாய்

திருப்பூர் ஆஸ்பத்திரி. சிந்துஜாவுக்கு வெறும் வயிற்றில் 87. சாப்பிட்ட பிறகு 113. ஸ்கேனில் பிள்ளை இந்த மாதத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு இருக்கிறது. டாக்டரம்மா டைரியைப் புரட்டிப் பார்த்து, "ஊசி வேண்டாம். இதே மாதிரி பிரசவம் வரைக்கும் கொண்டு போங்க. கையெழுத்து யாரோடது, ரொம்ப நல்லா இருக்கே" என்றார். பரிமளா பக்கத்தில்தான் நின்றாள். நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

சிந்துஜா அழுதாள். தண்ணீரைத் திறந்துவிட அங்கே இடமில்லை, என் சேலைத் தலைப்பில்தான் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர், எங்க அம்மிச்சியையும் ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

எனக்கும் அது சரி என்றே பட்டது. மாத்திரைப் பேர் ஒன்று உடனடியாக வேண்டியிருந்தது.

பக்கத்து அறையில் ஒரு வயசான டாக்டர். கையில் இருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார், காலைத் தடவிப் பார்த்தார், கண்ணுக்குள் விளக்கு அடித்தார். சீட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"எப்ப இருந்துங்க அம்மா சர்க்கரை இருக்குது?"

"ஞாயித்துக்கிழமையில இருந்துங்க" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிந்துஜா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னால் இருந்து எனக்குத் தெரியவில்லை.

மாசி 27, வியாழன்

காலை: கம்பு தோசை, சிந்துஜாவுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. மாத்திரை ஒன்று.

பெருந்துறைக்காரி போன் செய்தாள். இந்தத் தடவை பால் பொங்கவில்லை. மாத்திரை அட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து, பேரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டினேன். பவரும் சொன்னேன். சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும் என்றும் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். அவளுக்கு இன்றைக்கு 162ஆம். எனக்கு 176. உள்ளதைத்தான் சொன்னேன்.

மதியம் சாப்பிட்டதும் சிந்துஜா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயிற்றில் பிள்ளை புரண்டது, என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள்.

"அம்மிச்சி, மாத்திரையை ஒரு நாளும் விடமாட்டே இல்ல?"

எப்படி விட முடியும். நூற்றைம்பது பேர் முன்னால் சொன்ன வார்த்தை. மாத்திரை போடுவதை நிறுத்திவிட்டால், இந்தப் பூவாத்தாள் சபையில் பொய் சொன்னாள் என்று ஆகிவிடாதா.